பார்க்காமல் வாங்கிய குச்சி

மலையில் பிறந்தவனுக்கு நுரையீரல் பெரிது என்று கீழ்நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. பேத்துப்பாறையில் பூண்டு போடும் குடும்பத்தில் பிறந்த நான், கல்லூரிக்காகக் கீழே இறங்கிய முதல் வாரமே இந்த நம்பிக்கையின் பலனை அனுபவிக்க ஆரம்பித்தேன். கொடைக்கானல் பக்கத்துப் பையன் என்று கேள்விப்பட்டதுமே உடற்கல்வி ஆசிரியர் தங்கையா சார் என்னைக் கூப்பிட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னார். எனக்குக் கட்டைவிரலைத் தாண்டி அடுத்த விரல் நீண்டு நிற்கும். (எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு செருப்பும் சரியாகச் சேராது.) "இது ஓட்டக்காரன் காலுப்பா" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் சமதரையே கிடையாது, அதனால் யாரும் ஓடிப் பழகியதில்லை என்ற விவரத்தை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் கல்லூரி சேர்ந்திருந்த பல்கலைக்கழகம் மதுரைக்கு வெளியே, பொட்டலும் கட்டடமுமாகப் பரந்து கிடந்தது. சுற்று வட்டாரத்துக் கல்லூரிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். எங்களைப் பொறுத்தவரை அது மார்க் ஷீட்டில் விழும் ஒரு முத்திரை, அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டிக்குப் போகும்போதுதான் அப்படி ஓர் இடம் நிஜமாகவே இருக்கிறது என்று தெரியும். பந்தலுக்குள் பேராசிரியர்கள், மைக்கில் ஆங்கிலம், பானைத் தண்ணீருக்கு வரிசை. அறிவை வளர்க்கும் இடம் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போன நாளில் எல்லாரும் ஈட்டியும் இரும்புக் குண்டுமாகத்தான் அலைந்தார்கள்.

ஓட்டக்காரர்களுக்கு அங்கே ஒரே கனவு, கோட்டு. ரிலேயில் ஜெயிக்கிற நாலு பேரும் அப்படியே பல்கலைக்கழக அணி. வெளி மாநிலம் போய் ஓட வேண்டும். அதற்காக மெரூன் கலரில், நெஞ்சுப் பையில் முத்திரை குத்திய கம்பளிக் கோட்டு ஒன்று தருவார்கள். மதுரைக்காரன் போட்டுக்கொண்டால் வியர்த்தே செத்துப்போவான். எங்கள் ஊர்க் குளிருக்கு அது நிஜமாகவே தேவை. பெருமாள்மலையில் டீக்கடை வைத்திருந்த என் சித்தப்பா, மலையேறும் பஸ்காரர்கள் அத்தனை பேரிடமும், "எங்க பய யுனிவர்சிட்டி கோட்டோட வாரான்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார். அவரைச் சொல்ல வைத்தவன் நான்தான்.

ரிலேயில் ஆளுக்கு ஒரு சுற்று. ஓடி வருகிறவன் குச்சியை அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். நான் கடைசி ஆள். பெரிய ஓட்டக்காரர்கள் திரும்பியே பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி வாங்குவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். (அது நூறு மீட்டர்காரர்களுக்கான வித்தை, முழுச் சுற்று ஓடுகிறவர்கள் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பது பிறகு தெரிந்தது.)

எனக்குக் குச்சி கொடுக்க வேண்டிய செல்வராஜிடம் சொன்னேன். "திரும்பிப் பாத்தா நேரம் போகும். நீ சத்தம் குடு, நான் கைய நீட்டுறேன்."

"என்னன்னு சத்தம் குடுக்க?"

"ஏலேன்னு கூப்புடு. எங்கூருல இந்தச் சரிவுல நின்னு கூப்புட்டா அந்தச் சரிவுல கேக்கும்."

மதுரை வட்டாரமே திரண்டு நிற்கும் மைதானத்தில் 'ஏலே'யை ரகசியச் சொல்லாக வைத்த புத்திசாலி நான்.

எங்கள் குச்சி சிவப்பு. பக்கத்தில் நின்ற கல்லூரிக்கு நீலம். மூன்றாவது சுற்றில் செல்வராஜும் நீலக்காரனும் முன்னே பின்னே வந்துகொண்டிருந்தார்களாம். நான் பார்க்கவில்லை, கொள்கை. முதுகுக்குப் பின்னால் "ஏலே" என்று கேட்டது. கையை நீட்டினேன், குச்சி வந்து விழுந்தது, ஓடினேன்.

நன்றாகவே ஓடினேன், அதைச் சொல்லியாக வேண்டும். பாதிச் சுற்றில் கை வீசும்போது குச்சி கண்ணில் பட்டது. நீலம். வெயிலில் கண்ணைக் கட்டுகிறது என்று நினைத்தேன். அடுத்த வீச்சிலும் நீலமாகத்தான் இருந்தது. நின்றுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. கோட்டின் நினைப்பு அதை முந்திக்கொண்டது. முதல் ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டினேன். எனக்கு அடுத்ததாக நீல பனியன்காரன் ஒருவன் எங்கள் சிவப்புக் குச்சியோடு வந்து சேர்ந்தான்.

ஏலே என்று கத்தியவன் செல்வராஜ் அல்ல, நீலக்காரன். அவனுக்கு அது ரகசியச் சொல்கூட இல்லை, வாய்ப்பழக்கம். நீண்டிருந்த கையில் வைத்துவிட்டான். பின்னாலேயே வந்த செல்வராஜ், நான் நின்ற இடம் காலியாக இருக்கக் கண்டு, வெறுங்கையோடு விழித்துக்கொண்டிருந்த நீல அணியின் கடைசி ஆளிடம் எங்கள் குச்சியைத் திணித்திருக்கிறான். "வேற என்னலே செய்யச் சொல்ற?" என்று என்னைக் கேட்டான். நியாயமான கேள்வி.

நடுவர்கள் கூடினார்கள். நீலக் கல்லூரியின் மாஸ்டர், "ரிலேல ஓடுறது குச்சிதான் சார். எங்க குச்சிதான் மொதல்ல வந்துச்சு" என்றார். பூண்டு லாரியில் தொற்றிக்கொண்டு மதுரைக்கு வந்திருந்த சித்தப்பா, வேட்டியை மடித்துக் கட்டியபடி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"குச்சி யாருதா இருந்தா என்னங்க? காலு எங்க பய காலுதான?"

தலைமை நடுவரான பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இரண்டு அணியும் அவுட் என்றார். மூன்றாவதாக வந்த கல்லூரிக்கு நாலு கோட்டும் போயின. அந்தக் கொளுத்தும் வெயிலிலேயே அவர்கள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. முகம் கழுவிச் சமாளிக்கலாம் என்று போனால் பானையில் தண்ணீர் தீர்ந்திருந்தது.

என்னைவிட வெரசாகச் செய்தி மலையேறிவிட்டது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது பஸ் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டி, "ஏலே, பாத்து வாங்கு. ஒன் டிக்கெட்டுதானா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் 'ஏலே, பாத்து வாங்கு' என்று சொல்லாமல் என் கையில் எதையும் கொடுத்ததில்லை. கல்யாணத்தில் தாலியை எடுத்து என்னிடம் நீட்டும்போதுகூடக் கூட்டத்தில் அந்தக் குரல் கேட்டது.

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. பிள்ளையைச் சுற்றுவதற்கென்று சிவப்புத் துண்டு ஒன்றை உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, சித்தப்பாவும் நானும் வராந்தாவில் காத்திருந்தோம். கதவைத் திறந்து நர்ஸ் நீட்டிய பிள்ளை நீலத் துண்டில் இருந்தது. என் கை நீளவில்லை.

"எங்களுது செவப்புங்க சிஸ்டர்."

"அது நனைஞ்சு போச்சு, மாத்திட்டோம். பொம்பளப் பிள்ளை. பிடிங்க."

சித்தப்பா என்னை விலக்கிக்கொண்டு போய்த் துண்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலைத் தாண்டி அடுத்த விரல் நீண்டு நின்றது.

"துண்டு யாருதா இருந்தா என்ன, காலு நம்ம காலுதான். வாங்குலே."