உள்தாள் மாறிய வாரம்

"உங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறார்களா?" என்று இரண்டாம் பக்கம் கேட்டது.

"கவலை வேண்டாம். கால்களை ஒரு சிறு முக்காலி மேல் வைத்து, சற்று முன்னால் குனிந்து, முக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள்" என்று மூன்றாம் பக்கம் பதில் சொன்னது.

முற்றுப்புள்ளி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். மூன்றாம் பக்கம் சொன்ன சொல்லில் உறுதியாக நின்றது.

அவர் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். குள்ளமாக, உருண்டையாக இருப்பவர், எல்லோருக்கும் கடைசியாக வேலையை முடித்துக்கொண்டு கிளம்புபவர் என்பதால் அங்கே எல்லோரும் வைத்த பெயர் அது. ஒரு மருத்துவமனைக்காக அந்த வாரம் இரண்டு கையேடுகள் அச்சாகியிருந்தன. ஒன்று, 'சாப்பாடு பயமாக இருக்கிறதா?' மற்றது, 'மலச்சிக்கலா? மனம் தளர வேண்டாம்.' ஒவ்வொன்றிலும் இரண்டே தாள். வெளித்தாளில் அறிகுறிகள், அதற்குள் செருகிய உள்தாளில் செய்ய வேண்டியவை. இரண்டு கையேடுகளுக்கும் ஒரே இளம்பச்சை, ஒரே எழுத்து, ஒரே ஓரக்கோடு.

ஒவ்வொரு கையேட்டுக்கும் ஒரு மாதிரியை அவர்தான் கையால் சேர்த்து மடிப்பு மேசைக்கு அனுப்ப வேண்டும். மாதிரி எப்படியோ அப்படியே நூறும். மடிப்பு மேசையில் இருப்பவர்கள் படிக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, மாதிரியை மீறக் கூடாது. அது முதலாளி போட்ட சட்டம்.

வேலை முடிந்து திரும்பி வந்த இரண்டு மாதிரிகளும்தான் இப்போது அவர் மடியில் கிடந்தன. இரண்டிலும் உள்தாள் மாறியிருந்தது. நூறும் நூறும் மத்தியானமே மருத்துவமனைக்குப் போய்விட்டன.

போன மாதம்தான் ஒரு பல் டாக்டரின் விளம்பரத்தில் ஓர் எண் மாறிப்போய், ஊரிலுள்ள பல்வலிக்காரர்கள் எல்லாம் ஒரு பூக்கடைக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். அன்று முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தப்பு சார். அதுக்கப்புறம் நீங்க வீட்ல உக்காந்து மளிகை லிஸ்ட்ல தப்பு கண்டுபிடிங்க."

சனிக்கிழமை மருத்துவமனையில் உடல்நல முகாம். முதலாளியே பேசப் போகிறார். இன்று திங்கள். அதற்குள் இருநூறு உள்தாள்களையும் யாருக்கும் தெரியாமல் இடம் மாற்றிவிட்டால் வேலை தப்பும்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மருத்துவமனைக்குள் நுழைந்தார். முகப்பு மேசையில் இருந்த நர்ஸ் முதலாளியின் தங்கை. அவளுக்குக் காலையில் இருமல் வந்தால் மத்தியானத்துக்குள் அச்சகம் முழுக்கத் தெரிந்துவிடும். நல்லவேளையாக, காகிதக் கிடங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பிழை பார்ப்பவரை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கையேடுகள் அவள் பக்கத்திலேயே ஒரு தட்டில் அடுக்கியிருந்தன. அவர் ஒரு கத்தையை எடுத்தார்.

"வெக்கப்படாதீங்க சார்" என்றாள் நர்ஸ். "எதுக்கு வேணும்? சாப்பிடறதுக்கா, போறதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்குமா!" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எத்தனை எடுத்திருக்கீங்க?"

"இருபது. இருபது."

"இருபதும் ஒரே புஸ்தகம்தான் சார். தொடர்கதை இல்ல."

"சொந்தக்காரங்க நெறைய."

"பாவம்" என்றாள் அவள், அந்தக் குடும்பம் முழுவதையும் நினைத்து.

வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை குளியலறைதான். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர், இரண்டு வாய் ரொட்டியோடு தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழிட்டார். காகிதம் சரசரப்பது கேட்காமலிருக்க வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். ஆவி கிளம்பிக் கண்ணாடியை மூடியது. துடைத்தார், மறுபடி மூடியது. கடைசியில் கண்ணாடியைச் சோப்புப் பெட்டியில் வைத்துவிட்டு, கைத்தடவலிலேயே வேலையை ஆரம்பித்தார். வலப்பக்கக் குவியலிலிருந்து உள்தாளை உருவு, இடப்பக்கத்தில் செருகு. இடப்பக்கத்திலிருந்து உருவு, வலப்பக்கத்தில் செருகு. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல் அவர் செய்த முதல் வேலை அது. மூடுபனி இறங்கிய ஏதோ ஒரு துறைமுகத்தில் கடத்தல்காரனாக நிற்பதுபோல் அவருக்கு ஒரு சின்ன கிளர்ச்சிகூட உண்டானது.

வெளியே வந்தபோது மனைவி நின்றிருந்தாள். அவள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும்.

"முக்கால் மணி நேரம்" என்றாள், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"குளிச்சேன்."

"தலை காஞ்சிருக்கு."

"தலைக்குக் குளிக்கல."

புதன்கிழமை காலை, நர்ஸ் குனிந்த நேரம் பார்த்து, மாற்றிய நாற்பதையும் தட்டில் வைத்துவிட்டு வேறு நாற்பதை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமும் அதே இரண்டு வாய், அதே தாழ்ப்பாள், அதே குழாய்.

"அம்மா, அப்பா என்னம்மா பண்றார் உள்ள?" என்று பதினான்கு வயது மகள் கேட்பது கதவைத் தாண்டி வந்தது.

"ஷ்ஷ். கேக்காத. நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்ற மனைவியின் குரல் வழக்கம்போல் இல்லை.

வியாழக்கிழமை காலை மருத்துவமனை வாசலிலேயே சத்தம் கேட்டது. ஊன்றுகோல் வைத்த ஒரு பெரியவர் கையேட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நாளா வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா! என்ன செய்யலாம்னு இதைப் பிரிச்சா, 'கண்ணாடி முன்னால நின்னு உங்களை நீங்களே குறை சொல்லாதீங்க'ன்னு போட்டிருக்கு! நான் எங்கம்மா குறை சொன்னேன்?"

"நல்ல விஷயந்தானே தாத்தா. அதையும் செய்ங்க" என்றாள் நர்ஸ், நிமிர்ந்து பார்க்காமல். அந்தப் பெரியவர் தினம் ஒரு புகாரோடு வருபவர் போலிருக்கிறது.

முற்றுப்புள்ளி பெரியவரிடம் ஓடினார். மாற்றாத பிரதி ஒன்று ஒரு மனிதன் கைக்குப் போய்விட்டது! "குடுங்க பெரியவரே, நான் நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன்" என்று அதைப் பிடுங்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, உள்தாள் தப்பு. இனி நாளுக்கு நாற்பது என்று நிதானமாகப் போக முடியாது. நர்ஸ் பெரியவரைச் சமாதானப்படுத்திய இரண்டு நிமிடத்தில், முந்தின நாள் மாற்றிய நாற்பதையும் தட்டில் வைத்துவிட்டு, அடியிலிருந்த கட்டுகளையெல்லாம் சட்டைக்குள் முன்னும் பின்னும் திணித்துக்கொண்டார். பெரியவருக்கும் மறக்காமல், தான் மாற்றிய பிரதிகளிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசை அடியில் ஒரு முக்காலி இருந்தது. மேசை மேல் இரண்டு இளம்பச்சைக் கையேடுகள். அவர் பையில் ஒளித்து வைத்திருந்த மாதிரிகள்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. "காலைத் தூக்கி அது மேல வைங்க."

"எதுக்கு?"

"என்னங்க, எனக்கு எல்லாம் தெரியும். சாப்பிடறதில்ல. சாப்பிட்ட உடனே பாத்ரூம். குழாயத் தொறந்து விட்டுடறீங்க. தொளதொளன்னு சட்டை. புத்தகத்தை வேற ஒளிச்சு வெக்கறீங்க." அவள் முதல் கையேட்டை எடுத்தாள். "இரண்டாம் பக்கம். ஒண்ணு விடாம உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்கு. அதனால மூணாம் பக்கத்துல என்ன போட்டிருக்கோ அதை அப்படியே செய்யப் போறோம்."

மூன்றாம் பக்கம் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவளுடைய பள்ளியின் தேர்வுத்தாள்கள் அச்சாவது அவர் முதலாளியிடம்தான். அவளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. விசில் ஊதத்தான் தெரியும். அவர் காலைத் தூக்கி முக்காலி மேல் வைத்தார்.

"முன்னால குனிங்க. முழங்கை தொடைல."

"அப்புறம் எப்படிச் சாப்பிடறது?"

"எனக்கென்ன தெரியும்? டாக்டருங்க எழுதினது." அவள் சூப்பை அவர் முகவாய்க்கு நேராக நகர்த்தினாள். "அவசரப்படாதீங்க. முக்காதீங்க. வந்தா வரட்டும். வரலேன்னா பத்து நிமிஷத்துல எழுந்துடுங்க."

அவர் குனிந்தார். சட்டைக்குள் நூற்றிருபது கையேடுகள் மடங்கிச் சரசரத்தன.

"அப்பா வயித்துல ஏதோ பேப்பர் கசங்கற மாதிரி சத்தம் வருதும்மா" என்றாள் மகள்.

"பட்டினி கெடந்தா குடல் அப்படித்தான் கத்தும்" என்று சொல்லி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் குளியலறைக்கு ஓடித் தாழிட்டார். குழாயைத் திறந்தார். பத்துப் பிரதிகள் மாற்றியிருப்பார். வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தம்.

"அப்பா, நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம்" என்றாள் மகள்.

"ஏன்?"

"ரெண்டாவது புத்தகத்துல போட்டிருக்கு. 'அவரைத் தனியாக விடாதீர்கள். குடும்பமாகச் சேர்ந்து உட்காருங்கள். இயல்பான விஷயங்களைப் பேசுங்கள்.' மலச்சிக்கலா இருந்தாலும் இருக்கலாம்ல, அதான் ரெண்டையும் செய்யறோம். இன்னிக்கு எங்க ஸ்கூல்ல கணக்கு மிஸ் வழுக்கி விழுந்துட்டாங்கப்பா."

"சரிம்மா."

"'உன் உடம்பு எப்படி இருந்தாலும் உன்மேல் எங்களுக்கு அன்பு உண்டு என்று சொல்லுங்கள்'னு போட்டிருக்கு. சொல்லவா?"

"சொல்லாட்டி பரவால்ல."

"சொல்லிட்டேன்னு வெச்சுக்கங்க."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். ஒரு நாற்காலி மட்டும் மிச்சமிருந்தது.

"என்னங்க" என்றது மனைவியின் குரல், கதவுக்கு மிக அருகில். "போன வருஷம் எங்க ஓட்டப்பந்தய டீம்ல ஒரு பொண்ணு. எட்டு மாசம் சரியா சாப்பிடவே இல்ல. கேட்டா, இப்பதான் சாப்பிட்டேன் மிஸ்னு சொல்லுவா. நான் நம்பினேன். இன்னும் வேகமா ஓடுன்னு விசில் ஊதிக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் மைதானத்துலயே மயங்கி விழுந்தா. இப்ப சிகிச்சையில கொஞ்சம் தேறிட்டா. ஆனா தினமும் என் கண் முன்னால இருந்தவ. எனக்குத் தெரியல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "உங்ககிட்டயும் அதே தப்பைப் பண்ண மாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, கேப்பேன்."

ஒரு கையில் வெளித்தாளும் மறுகையில் உள்தாளுமாக அவர் நின்றார். குழாயை மூடிவிட்டு, கதவைத் திறந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தது. தாழ்ப்பாள் வரை கை போனது. வேலை போய்விட்டால் இவள் ஒருத்தி சம்பளத்தில்தான் இந்த வீடு ஓட வேண்டும் என்ற நினைப்பு அந்தக் கையைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

"சனிக்கிழமை டாக்டர்கிட்ட வரேன்" என்றார். "சத்தியமா."

"வருவீங்களா?"

"வருவேன். இப்ப ஒரு அரை மணி நேரம் குடு."

வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டும் தட்டுக்குத் திரும்பிப் போனது. "சொந்தக்காரங்கல்லாம் எப்படி இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாள். "தேறிட்டாங்க" என்றார் அவர். அன்று ஒரு விஷயம் தெரியவந்தது. நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்க மறந்து, குளியலறைக்கு வேறு காரணங்களுக்காகவே போய் வந்ததில், அவருக்கு இப்போது நிஜமாகவே மலச்சிக்கல்.

சனிக்கிழமை முகாமில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"ஏதாவது மனக்கவலையா?"

"இருந்துச்சு. நேத்தோட முடிஞ்சுது."

"அப்ப வயிறும் வழிக்கு வந்துடும். தண்ணி குடிங்க, பழம், காய்கறி சாப்பிடுங்க, நடங்க. ரெண்டு வாரத்துல சரியாகலேன்னா, இல்ல வலி, ரத்தம்னு ஏதாவது இருந்தா, உடனே வாங்க." பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீங்க சந்தேகப்பட்டது தப்பில்லம்மா. ஆம்பளைங்களுக்கும் வரும், எந்த வயசுலயும் வரும். கேட்டீங்க பாருங்க, நெறைய வீட்ல அதைக்கூடக் கேக்கறதில்ல."

மனைவி பள்ளிக்கூடத்தில் கோப்பை வாங்கியவள்போல் நிமிர்ந்து நடந்தாள். முற்றுப்புள்ளி கூடத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, ஐந்து நாளில் முதல்முறையாகப் பசியோடு ஒரு ஆரஞ்சை உரித்தார். கால்கள் தரையில் இருந்தன. உலகம் ஒழுங்காக மடித்த தாள்போல் இருந்தது.

மேடையில் முதலாளி மைக்கைத் தட்டினார். கூட்டத்தில் எல்லோர் கையிலும் இளம்பச்சை. முன்வரிசையில் ஊன்றுகோல் பெரியவர் இரண்டு பிரதிகளோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க அச்சகத்துல தப்புங்கற பேச்சுக்கே எடமில்ல" என்றார் முதலாளி. "இந்தப் புத்தகத்தோட மூணாம் பக்கத்தை நானே உங்களுக்கு இப்ப வாசிச்சுக் காட்டறேன்." சட்டைப் பையில் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மடிப்பு மேசையில் வேலை செய்யும் அக்கா. அச்சகத்தில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, அவர் காதுப்பக்கம் சாய்ந்தாள்.

"சார், பயப்படாம ஆரஞ்ச சாப்பிடுங்க. நீங்க குடுத்த ரெண்டு மாதிரியிலயும் உள்தாள் மாறிக் கெடந்துச்சு, உங்க வேலை போயிடக் கூடாதேன்னு, சட்டத்தை மீறி நூறு நூறையும் நானே சரியா மாத்தி வெச்சுத்தான் அன்னிக்கு அனுப்பினேன்."