சாவு லீவு

"என் மாமியா செத்துப் போச்சுங்கய்யா!"

தேயிலைத் தோட்டத்தின் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் நேரத்தில், ஜீவராஜின் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. கேட்க வந்தது ஒரே ஒரு நாள் லீவு. மகள் சுலக்ஷனா பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்திருந்தாள். 'உண்மையே பேசுவோம்' என்பது தலைப்பு. பத்து மணிக்கு ஹட்டனில் பரிசளிப்பு.

"அம்மாதான் கொழும்புல வேலையில இருக்கு. நீங்களாச்சும் வாங்கப்பா. அம்மாச்சிகூட பூண்டுலோயா தோட்டத்துல எப்படியாச்சும் லீவு எடுத்து வர்றேன்னுச்சு" என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள்.

உள்ளதைச் சொல்லித்தான் கேட்க நினைத்தான். அதற்குள் முன்னால் நின்ற ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்டான்.

"கொழுந்து நெருக்கம்! சாவு விழுந்தா மட்டுந்தான் லீவு!" என்று கத்தினார் கணக்கப்பிள்ளை செல்லசாமி.

'பொய்க்காரப் பய, மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு' என்று ஜீவராஜ் சிரித்துக்கொண்டான். அடுத்தவன் பொய்யை மோப்பம் பிடிப்பதில் அவன் பெரிய கெட்டிக்காரன். மாமியார் அம்மாக்கண்ணு போனில் இருமினால்கூட நிஜமா நடிப்பா என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆள்தான் அடுத்த நிமிடம் அந்த அம்மாளையே சாகடித்துவிட்டான்.

செல்லசாமி தொப்பியைக் கழற்றினார். "அடப்பாவமே! ஒன்ன மட்டும் தனியா எப்படிடா அனுப்புறது? நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?"

தோட்டத்தில் யாரையும் சாவுக்குத் தனியாக அனுப்பும் வழக்கமில்லை என்பது அப்போதுதான் அந்த மடையனுக்கு ஞாபகம் வந்தது.

"வேணாங்கய்யா, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்..."

"வாய மூடு. தொரைகிட்ட சொல்லி லொறி எடுக்குறேன்."

வெள்ளைக்கொடி கட்டிய லொறி வந்தது. முப்பது பேர் ஏறினார்கள். இரண்டு தப்பு மேளமும் ஏறின.

"நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம். இனிமே போயி என்ன ஆகப்போவுது?" என்று கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தான்.

"என்னது! மருமகனுக்கு மொகத்தக் கூடக் காட்டாமயா பொதச்சாங்க? வாங்கடா, போயி நாலு வார்த்த கேப்போம்!"

இப்போது நாற்பது பேர்.

பக்கத்து வீட்டு மீனம்மா கண்ணைத் துடைத்தாள். "பிரேமினிக்கு நான் போன் போட்டுட்டேன் தம்பி. கதறிக்கிட்டே கொழும்புல பஸ் ஏறிட்டா."

ஜீவராஜ் போனை உருவினான். மனைவி வந்தால் கொன்றே போடுவாள். மாமியாருக்கு ஐந்து முறை போன் எடுத்தான். பதில் இல்லை.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லொறி ஹட்டனுக்குள் நுழைந்தது. பாடசாலை வாசலில் வெள்ளைச் சீருடையில் சுலக்ஷனா நின்றாள். வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்தாள். சாவு லொறியை ஏன் பார்க்கப் போகிறாள்? ஜீவராஜ் எழுந்து லொறியின் ஓரத்துக்குப் பாய்ந்தான்.

"எறக்கி விடுங்க! என் மாமியா சாகல! நான் சொன்னது பொய்யி! எம்புள்ளைக்கு அங்க பரிசு குடுக்குறாங்க!"

தப்புச் சத்தம் நின்றது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஐயோ, மாமியா மேல எம்புட்டுப் பாசம்! புத்தியே தடுமாறிப் போச்சே" என்றாள் மீனம்மா. "புடிங்கடா, குதிச்சிறப் போவுது!"

நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். தப்பு முன்னைவிடப் பலமாக முழங்கியது. அன்று அவன் பேசிய ஒரே உண்மையைக் கேட்க ஓர் ஆள் இல்லை. பாடசாலை பின்னால் போய் மறைந்தது. பெயரைக் கூப்பிடும்போது கூட்டத்தில் யாரைத் தேடுவாளோ என்று நினைத்து வாய்விட்டே அழுதான். லொறியே சேர்ந்து அழுதது.

தலவாக்கலை தாண்டி, பூண்டுலோயா ரோட்டில் ஒரு குறுகலான வளைவு. எதிரே இன்னொரு லொறி வந்து மூக்கோடு மூக்கு முட்டுவதுபோல் நின்றது. அதிலும் வெள்ளைக்கொடி, அதிலும் தப்பு, அதிலும் நாற்பது பேர்.

அந்த லொறி டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"கொஞ்சம் பின்னுக்கு எடுங்கண்ணே! நம்ம அம்மாக்கண்ணு அக்காவோட மருமகன் ஜீவராஜு செத்துட்டாராம், எழவுக்குப் போறோம்!"