ஒரு டீ போட்டாப் போதும்

“கீழ இருக்கற சுடுதண்ணி மேல எப்படிங்க ஏறும்?”

அமுதவல்லி அக்கா கேட்ட இந்தக் கேள்விக்கு, பிளஸ் டூவில் இயற்பியல் படித்து முடித்திருந்த எனக்கே அன்று பதில் தெரியவில்லை. ஆனால் நம் ஊரில் ஓர் இனம் உண்டு. அதற்குத் தெரியாத பதிலே கிடையாது. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஒரு டீ ஆசாமி’. டீ என்றால் குடிக்கிற டீ அல்ல. ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாயைப் பிரிக்க மாட்டுகிற டீ. குடிக்கிற டீயும் வேண்டும் என்பது வேறு விஷயம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார் வீட்டு வாசலிலாவது மணல் இறங்கினால் போதும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார், செங்கல்லைத் தட்டிப் பார்ப்பார், கொத்தனாருக்கு எந்த ஊர் என்று விசாரிப்பார், சுவரை ஒற்றைக் கண்ணால் அளப்பார், கடைசியில் உச்சுக் கொட்டுவார். யாராவது கூப்பிட்டார்களா? அதெல்லாம் அவருக்கு எதற்கு?

பாலக்கோட்டில் அவர் பெயர் சென்னப்பன். பக்கத்து வீட்டு அமுதவல்லி அக்காவும் அவர் வீட்டுக்காரர் மாதேஷும் மொட்டை மாடியில் ஓர் அறை கட்டினார்கள். பிரசவம் முடிந்த மகள் பாஞ்சாலி, கைக்குழந்தையோடு அங்கேதான் தங்கப் போகிறாள். மார்கழிக் குளிர். மாடிக்குச் சுடுதண்ணீர் வராவிட்டால் குடம் குடமாகச் சுமக்கப்போவது அக்காவின் முழங்கால்தான். அதுவோ வெறுங்கையோடு படியேறினாலே முனகும்.

மாடியில் ஏற்கெனவே சோலார் ஹீட்டர் இருந்தது, கீழ்வீட்டுக்குத் தண்ணீர் இறக்க. அதன் தொட்டி இடுப்புயரம். புது அறையின் ஷவர் தலைக்கு மேலே. பிளம்பர் யோசித்தார். சென்னப்பன் யோசிப்பாரா?

“ஒரு டீ போட்டா முடிஞ்சுதுங்க. சூடானா தண்ணி தானா மேல போவும். ஆவி போவுதில்ல?”

மாதேஷ் போட்டார். ஷவர் இருமியது. அவ்வளவுதான்.

“அப்ப ஹீட்டரத் தூக்கி ரூம்பு மேல வெச்சு, இன்னொரு டீ போட்டுருங்க.”

அதையும் செய்தார்கள். இப்போது ஹீட்டருக்குத் தண்ணீர் விடுகிற பச்சைத் தண்ணீர்த் தொட்டி கீழே, ஹீட்டர் மேலே. ஹீட்டருக்கே தண்ணீர் ஏறவில்லை. மாடிக்கும் சுடுதண்ணீர் இல்லை, இத்தனை வருடம் வந்துகொண்டிருந்த கீழ்வீட்டுக்கும் இல்லை. பேத்தி மட்டும் வந்துவிட்டாள்.

அக்கா அடுப்பில் காய்ச்சிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியேறப் போனார். அப்போதுதானா சென்னப்பன் வந்து நாற்காலியை இழுத்துப் போட வேண்டும்?

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. ஒரு டீ போடு தங்கச்சி, சொல்றன்.”

“போட்டதெல்லாம் மாடியில அப்படியேதாங்கண்ணா இருக்குது. கொழாயத் தொறந்து புடிச்சுக்கங்க.” குடத்தை அவர் காலடியில் வைத்தார் அக்கா. “போறப்ப இதையும் தூக்கிட்டுப் போங்க. சூடாத்தான் இருக்குது, ஆனா தானா மேல போவ மாட்டேங்குது.”

மேலே குழந்தை அழுதது. சென்னப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஆள் இல்லை.

கீழே இருக்கிற சுடுதண்ணீர் மேலே எப்படி ஏறும்? சென்னப்பன் தோளில் ஏறும்.

வீடு கட்டுகிற நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போதே, ‘ஒரு சின்ன மோட்டார் வெச்சிருந்தா முடிஞ்சுதே’ என்று உங்கள் நாக்கு துடிக்கிறதா? எதற்கும் உங்கள் தோளுக்கு ஏற்ற ஒரு குடம் பார்த்து வையுங்கள்.