பைலட் அண்ணையின் நடுங்கும் விமானம்

யுத்தகாலக் கொழும்பில் பைலட் அண்ணையை விடப் பயந்த தமிழன் ஒருவரும் இருந்திருக்க முடியாது. அடையாள அட்டை சட்டைப் பையில், அதன் போட்டோப் பிரதி காற்சட்டைப் பையில், பிரதியின் பிரதி சப்பாத்துக்குள். காலி வீதியில் டயர் வெடித்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இவர் படுத்துவிடுவார். இந்த மனுசனுக்கு வந்த ஆசையோ ரிமோட்டில் விமானம் ஓட்டுவது!

அதுவும், வானத்திலிருந்து குண்டு விழும் என்று கொழும்பே விளக்கணைத்துக்கொண்டு கிடந்த காலத்தில். சமாதானப் பேச்சு நடந்தபோது அவருடைய கனடாத் தமையன் கொண்டுவந்து கொடுத்த விமானம் அது. சமாதானம் போய்விட்டது, விமானம் எங்கள் வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் நின்றுவிட்டது. பொலிஸ் பதிவில் அந்த அறைக்கு இரண்டு பெயர்கள், ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. அவரைப் பிடித்தால் என்னையும் பிடிப்பார்கள் என்று எனக்கு நித்திரையே இல்லை.

விமானத்துக்குள் தீப்பெட்டி அளவில் ஜைரோ என்று ஒரு சாமான். விமானம் ஒரு பக்கம் சரிந்தால் இறக்கைத் தகடுகளைத் தானே அசைத்து நிமிர்த்திவிடுமாம். அண்ணை கட்டிலில் இருந்துகொண்டு விமானத்தைக் கையில் பிடித்துச் சரித்துச் சரித்துப் பார்ப்பார்.

"எல்லாத்தையும் இதுவே செய்தா நீங்கள் எப்ப அண்ணை ஓட்டப் பழகிறது?"

"முதல் நாளே விழுந்து உடைஞ்சா எதை வச்சுப் பழகிறது? கை பழகுமட்டும் இது பிடிக்கட்டும். பிறகு நிப்பாட்டுவன்."

"வெளியில பறக்கவிட்டா ஆமி சுடுவான்!"

"அதுதானே கட்டிலுக்கு மேலால பழகிறன். நீர் பயப்பிடாதையும்."

ஒரு ஞாயிறு காலை தேடுதல் வந்தது. கதவு திறந்தபோது விமானம் சுவிட்ச் போட்டபடி, உயிரோடு அவர் கையில். கீழே வைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். அவர் நடுங்க நடுங்க ஜைரோ அதைத் திருத்தப் பார்த்தது. தகடுகள் பிடிபட்ட கோழி மாதிரிப் படபடத்தன.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்டு ஓர் இளம் சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான்.

"செல்லம் பிளேன், மாத்தயா," என்றார் அண்ணை. விளையாட்டு விமானம் ஐயா என்று சிங்களத்தில் சொன்னார்.

சிப்பாய் ஒரு கையால் அதை வாங்கினான். அவன் கையிலும் தகடுகள் படபடவென்று அடித்தன. குண்டென்று நினைத்திருப்பான், பாவம். அவன் நடுங்குவதை அறையே பார்த்தது.

அப்போதுதான் அண்ணை மறுபடி வாயைத் திறந்தார். "பய வென்ன எபா, மல்லி."

பயப்படாதே தம்பியாம்! துப்பாக்கி வைத்திருப்பவனிடம்! எனக்கு உயிர் போய் வந்தது. சிப்பாயின் முகம் சிவந்தது. விமானத்தையும் அண்ணையையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். என்னை ஏனோ விட்டுவிட்டார்கள்.

அந்த நாட்களில் அப்படிப் போன எல்லோரும் திரும்பி வரவில்லை. பொலிஸுக்கு எதிர்ப்பக்கம், பூட்டிய கடை வாசலில் பொழுதுபடும் வரை நின்றேன். போகும் வரும் ஜீப்பையெல்லாம் எட்டிப் பார்த்தேன். கும்பிடாத தெய்வமில்லை.

பொழுது சாயத் தனியாக வெளியே வந்தார், வெறுங்கையோடு.

"அந்த ஆமிப் பெடியன்தான் விளையாட்டுச் சாமான் எண்டு பெரியவருக்குச் சொன்னவன். ஆனா பிளேனைத் தரமாட்டினமாம்," என்றார், அழுவார் போல.

"பிளேன் போனாப் போகட்டும், வாங்கோ அண்ணை."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு காலி வீதியில் நடந்தேன். இரண்டு வளர்ந்த ஆண்கள் கைகோத்துப் போவதைப் பார்த்து பஸ் தரிப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். லொட்ஜ் வாசல் வரை நான் கையை விடவில்லை.