அறுந்த நரம்புக்கு என்கொயரி

கட்லா மீன் தண்ணீருக்கு மேல் தலையைக் காட்டிய நேரத்தில்தான் நரம்பு அறுந்தது.

இன்பராஜ் தூண்டிலைப் பிடித்தபடியே பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மீன் போயிற்று. முள் போயிற்று. ஈயக் குண்டும் போயிற்று. ரீலில் மிச்சமிருந்த நைலான் நரம்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ரோப்பு அறுந்துட்ச்சே!" என்றார் சத்தமாக.

பேத்தமங்கலம் ஏரிக்கரையில் அதைக் கேட்க ஆள் இல்லை. எருமை ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

நரம்பை அவர் ரோப்பு என்றுதான் சொல்வார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கேஜை, அதாவது ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டை, தாங்குகிற கயிற்றைப் பார்த்துக்கொள்வதுதான் காலம் முழுக்க அவர் செய்த வேலை. அந்தக் கயிறு அறுந்தால் கூண்டு நிறைய ஆள் சாவான். அவர் கையில் ஒரு கயிறும் அறுந்ததில்லை. ரிட்டையர் ஆகியும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவருக்கு ரோப்புக்காரர் என்றுதான் பேர்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பும்போது, போன மீனைவிட வேறொரு கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. ஐடா வீட்டு வாசலில் வெறுங்கையோடு எப்படி நிற்பது?

சனிக்கிழமையானால் மீன் பிடித்துக்கொண்டு வந்து ஐடா வீட்டு வாசலில் கொடுப்பார். அவள் வாங்கிக்கொள்வாள். அவர் போய்விடுவார். ராத்திரிக்குள் ஐடா வைத்த குழம்பில் ஒரு கிண்ணம் அவள் பக்கத்து வீட்டுக் கங்கம்மா கொண்டுவந்து கொடுப்பாள். பெண்சாதி செத்ததிலிருந்து அவர் வாயில் படுகிற ருசியான சாப்பாடு அது ஒன்றுதான். மற்ற நாளில் சோறும் ஊறுகாயும். சில நாள் அதுவும் பொங்கமாட்டார். ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பு பற்றவைப்பது என்று பன்னைப் பிட்டு டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்.

ஐடாவின் புருஷன் அவரோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். நுரையீரலில் கல்தூசி அடைத்துச் செத்தான். அவன் இருந்தவரைக்கும் ஐடா இவரை "அண்ணே" என்பாள். அவன் போனபிறகு எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "வாங்க" என்பாள், "சரி" என்பாள். அவ்வளவுதான். பொண்டாட்டி இல்லாதவர் புருஷன் இல்லாதவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால், மறுநாள் காலைத் தண்ணிக் குழாயில் அதுதான் பேச்சாக ஓடும். அதனால் மீன் வாசலோடு சரி.

அன்றைக்குக் கொடுக்க மீன் இல்லை. வாசலில் நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றாள் ஐடா. "சட்டையெல்லாம் சேறு."

"ரோப்பு அறுந்துட்ச்சி."

"ஐயோ. உள்ள வந்து குந்திச் சொல்லுங்க."

அறுந்த கயிற்றைப் பற்றி வாசலில் நின்று சொல்ல முடியாதுதான். சுரங்கத்தில் எது உடைந்தாலும் என்கொயரி உண்டு. நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்போது, எங்கே, எப்படி என்று ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும். இன்பராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து முறைப்படி ஆரம்பித்தார். காற்று எந்தப் பக்கம், மீன் எந்தப் பக்கம் இழுத்தது, ராகி உருண்டையை எப்படிக் கவ்வியது.

"அறுந்த நுனி எப்படி இருந்துச்சி? நைஞ்சா, நறுக்குனு போச்சா?" என்றாள் ஐடா.

இன்பராஜ் அசந்துபோனார். மேனேஜர்கூட அப்படிக் கேட்டதில்லை.

"நைஞ்சுதான்!"

டீ வந்தது. இன்னொரு டீயும் வந்தது. கட்லா எப்படித் தலையைத் தூக்கியது என்று அவர் கழுத்தை நீட்டி நடித்துக் காட்டியபோது ஐடா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளக்கு போடுகிற நேரத்துக்குத்தான் எழுந்து போனார். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் தொண்டை கட்டியிருப்பது தெரிந்தது. ஒரு மாதம் பேசவேண்டியதை ஒரே மூச்சில் பேசியிருந்தார்.

மறுநாள் கயிற்றைச் சீராக்க உட்கார்ந்தார். சுரங்கக் கயிற்றுக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார். நுனியில் ஆறடி வெட்டி எறிந்தார். பழைய டப்பாவில் கெட்டியாகக் கிடந்த கிரீஸைத் தோண்டி நரம்பு முழுக்கத் தடவினார்.

அடுத்த சனிக்கிழமை ஏரியில் தூண்டிலை வீசினார். வழவழப்பில் முடிச்சு அவிழ்ந்து முள் மட்டும் பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது. வேறு முள் கட்டினார். அதுவும் பறந்தது. மூன்றாவது முள்ளை நாலு முடிச்சு போட்டுக் கட்டினார். அது நின்றது. ஆனால் கிரீஸ் நாற்றத்துக்கு ஒரு மீனும் கிட்டே வரவில்லை.

மறுபடி ஐடா வீட்டில் என்கொயரி.

"கிரீஸா தடவுனீங்க?" என்று கங்கம்மா இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து தலையை நீட்டினாள். "மீனு இன்னா லாரியா?"

"நீ சும்மா இரு கங்கா," என்றாள் ஐடா. "நீங்க சொல்லுங்க. முள்ளு எவ்ளோ தூரம் போச்சி?"

ஆண்டர்சன்பேட்டையில் தூண்டில் சாமான் விற்கிற மனோகரிடம் ரீலைக் கொண்டுபோய்க் காட்டினார். மனோகர் துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு நரம்பை நகத்தால் உருவிப் பார்த்தான். ஒரு முழம் இழுத்து விட்டான். அது ஸ்பிரிங் மாதிரி சுருண்டு அவன் கையிலேயே சுற்றிக்கொண்டது.

"பெரியவரே, இது செத்துப்போன நரம்பு. வெளுத்துக் கீது பாருங்க. நகத்துல சொரசொரங்குது. இந்த மாரி சுருண்டுக்கினா தூக்கிப் போட்டுடணும். மாத்துங்க."

"அதெப்படி? வாங்கி ரெண்டு வருசம்கூட ஆவல. சுரங்கத்துல ரோப்புக்குத் தவணை உண்டு. தவணைக்கு முந்தி மாத்தறதும் தப்பு, பிந்தி மாத்தறதும் தப்பு."

"இது இரும்பு இல்லீங்க. இதுக்கு வெயில்தான் எமன். எங்க வெக்கிறீங்க ரீலை?"

"ஜன்னல்ல."

"நல்லா வெச்சீங்க."

இன்பராஜ் நரம்பை மாற்றவில்லை. வீட்டுக்கு வந்து அதை முழுக்க உருவி, அடியில் வெயில் படாமல் கிடந்த பாதி மேலே வரும்படி தலைகீழாகச் சுற்றினார். கயிற்றைத் திருப்பிப் போடுவதும் அவருக்குத் தெரிந்த வேலைதான்.

விஷயத்தைக் கேட்ட ஐடா சொன்னாள்: "உங்க வீட்டு ஜன்னல்ல வெயிலு. பரண்ல வெச்சா எலி. ரீலை இங்க குடுத்துட்டுப் போங்க. என் டிரங்குப் பெட்டில இருட்டா கீது. சனிக்கிழமை வந்து எடுத்துக்குங்க."

நல்ல யோசனை. ரீல் பெட்டிக்குள் போயிற்று.

அந்த வாரம் நரம்பு அறுந்துபோகவில்லை. நல்ல கெண்டையாக ஒன்று மாட்டியது. இன்பராஜ் சைக்கிளில் பறந்துவந்து வாசலில் நின்று மீனை நீட்டினார்.

"புடிச்சிட்டீங்களா?" என்றாள் ஐடா.

"புடிச்சிட்டேன்."

"அறுந்துபோவலியா?"

"அறுந்துபோவல."

"ஓ." மீனை வாங்கிக்கொண்டாள். சொல்வதற்கு அவருக்கு வேறொன்றும் இல்லை. ரீலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி கங்கம்மா குழம்பு கொண்டுவந்தாள். அதில் உப்பு இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நரம்பு அறுந்தது. அதற்கும் அடுத்த சனிக்கிழமையும் அறுந்தது. இந்தமுறை நைந்துபோகவில்லை. நறுக்கென்று போயிற்று. இரண்டு தடவையும் என்கொயரி நீளமாகவே நடந்தது. ஐடா ஒருநாள் வடை சுட்டாள், ஒருநாள் முறுக்கு. கேள்வி மட்டும் அவ்வளவாகக் கேட்கவில்லை.

இன்பராஜுக்கு மனசு உடைந்துபோயிற்று. போய் மனோகரிடம் தோல்வியை ஒத்துக்கொண்டார்.

"புதுசு போடுப்பா."

மனோகர் பழைய நரம்பை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, இருப்பதிலேயே உசத்தியான நரம்பைச் சுற்றிக் கொடுத்தான். "இதுல எருமையைக் கட்டி இழுக்கலாம். இனிமே ஒரு வருசத்துக்கு என் மூஞ்சியில முழிக்காதீங்க."

ரீலை ஐடாவிடம் கொடுத்தார். சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனார். புத்தம்புது நரம்பு. மாட்டியது கட்லாகூட இல்லை, உள்ளங்கை அகல ஜிலேபி மீன்.

நரம்பு அறுந்தது.

சுரங்கத்தில் ஒரு கணக்கு உண்டு. பழைய கயிறு அறுந்தால் கயிற்றின் தப்பு. புதுக் கயிறு அறுந்தால் கையாண்டவன் தப்பு. இன்பராஜ் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். லேசாக நடுங்குகிற மாதிரிதான் இருந்தது.

பெங்களூரில் இருக்கிற மகன் ரவிகுமார், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். "சுரங்கத்தையே மூடப்போறாங்கன்னு சொல்றாங்க. அங்க தனியா இன்னாப்பா பண்றீங்க? இங்க வந்துடுங்க."

"சனிக்கிழமையானா மீன் புடிக்கணும்பா."

"பெங்களூர்ல மீன் கடையில கிடைக்குதுப்பா!"

மகன் வீட்டில் இரண்டு அறை. இவருக்கு ஹாலில் டி.வி.க்குக் கீழே பாய். எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் படுக்க முடியும். ஆனாலும் இனி சொல்வதற்குச் சாக்கு இல்லை. மீன் பிடிக்கத் தெரியாதவன் மீன் பிடிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வான்?

ஐடா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கங்கம்மா குட்டைச் சுவரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க," என்றாள் ஐடா. "அறுந்துட்ச்சா? உள்ள வாங்க. சுண்டல் தாளிச்சிருக்கேன்."

"இல்ல. நின்னே சொல்லிட்றேன்." ரீலைத் திண்டில் வைத்தார். "புது ரோப்பும் அறுந்துட்ச்சி. என்கொயரி எல்லாம் வாணாம். தப்பு என்னுதுதான். கை போயிட்ச்சி."

"கையா?"

"நடுங்குது. நல்லவேளை, கேஜ் ரோப்புல கை வெச்சிருந்த காலத்துல இது வரல. எத்தினி பேரைக் கொன்னுருப்பேனோ."

"அப்டியெல்லாம் சொல்லாதீங்க," என்றாள் ஐடா. அவள் முகம் வெளுத்துவிட்டது. "அடுத்த வாரம் அறுந்துபோவாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? வாணாம். ரீலை வித்துட்டேன்னு வெச்சிக்குங்க. திங்கக்கிழமை ரயில்ல பெங்களூர் போறேன். பையன் கூப்பிட்டுக்குனே கீறான்."

ஐடா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "சுண்டல் ஆறிடும்," என்றாள்.

"இல்லீங்க. நேரமாச்சி."

அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். தண்ணிக் குழாயடியில் இருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமாகவே காதை வைத்திருந்தார்கள். இன்பராஜ் பெடலில் ஒரு காலை வைத்தார்.

கங்கம்மா கையிலிருந்த ஈரத்துணியைச் சுவரில் ஓங்கி அறைந்தாள்.

"யோவ் ரோப்புக்காரரே, எறங்குய்யா சைக்கிள்ல இருந்து! உன் கைக்கு ஒண்ணும் கேடு இல்ல. மீன் மாட்டுனா வாசல்லயே குடுத்துட்டு ஓடிப்போற, நரம்பு அறுந்தாத்தான் உள்ள வந்து குந்துற, அதான் வெள்ளிக்கிழமையானா இந்தம்மா பொட்டியத் தொறந்து பிளேடால கீறி வெக்கிது!"