இழுத்தால் இழுக்கு

ஊரில் அவருக்குக் ‘கறார்’ என்றே பேர். கடைக்குப் புதிதாக வரும் மெஷின்களை வீட்டில் ஓட்டி, போனில் வீடியோ எடுத்துப் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார். அதிலும் வேக்குவம் கிளீனர் ஒன்றுகூட அவரிடமிருந்து மானத்தோடு திரும்பியதில்லை. “சிங்கம் மாதிரி உறுமுது, ஒரு முடியை இழுக்கத் துப்பில்ல!” என்பார். “திட்டுங்கண்ணே, இன்னும் திட்டுங்க” என்று வீடியோவுக்குக் கீழே ஜனம் எழுதும்.

ஒரே ஒரு தடவை வாய் தவறி ஒரு மிக்சியைப் பாராட்டினார். பாதிக் கூட்டம் கலைந்தது. அன்றோடு இரக்கத்துக்கு முழுக்கு.

கடைசியில் மெஷினைக் காலால் ஓரந்தள்ளி, துடைப்பத்தால் கூடம் முழுக்கப் பளிச்சென்று பெருக்கிக் காட்டுவார். அதுதான் அவர் முத்திரை.

அன்றும் புது மெஷின் வந்திருந்தது.

“ஏம்மா, என் இன்னொரு சாக்ஸ் எங்க?” என்று மனைவியைக் கேட்டார்.

“உங்க காலையா பாக்குறாங்க? நாக்கைத்தானே! ஆரம்பிங்க.”

மாவைத் தூவி ஓட்டினார். உறுமல் வந்தது, மாவு அசையவில்லை. கறாருக்கு மீசை துடித்தது. “துப்புக்கெட்ட குழாயே!” என்று தரையில் ஓங்கி ஒரு தட்டு.

குழாய் எதையோ துப்பியது. நீலச் சாக்ஸ்! அடுத்த நொடி மெஷின் மாவை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, ஜன்னல் திரையையும் பிடித்து இழுத்தது. பதறிப்போய்ப் போனில் ரெக்கார்டிங்கை நிறுத்தினார்.

“என்னடி இது?”

“சாக்ஸுங்க.”

“அது தெரியுது! உள்ள எப்படிப் போச்சு?”

“நான்தான் வெச்சேன்.”

“அப்போ போன தடவை?”

“பச்சை.”

“அதுக்கும் முன்னாடி?”

“கோடு போட்டது.”

“அடிப்பாவி! நல்ல மெஷினையா நான் திட்டிக்கிட்டிருந்தேன்?”

“அதனாலென்ன? இது நல்லா இழுக்குதுன்னு இன்னிக்கு உண்மையைச் சொல்லிடுங்க.”

அவருக்கு மிக்சி ஞாபகம் வந்தது. “இது இழுத்தா எனக்குல்ல இழுக்கு!”

“அதான் நானும் பாத்தேன். புருஷன் பேரைப் பொண்டாட்டி காப்பாத்தாம வேற யாரு காப்பாத்துவா?”

கறாருக்கு நெஞ்சு விம்மியது. தன் புகழ் மேல் இவளுக்குத்தான் எத்தனை அக்கறை! தன் கையாலேயே சாக்ஸைத் திணித்தார். மறுபடி மாவைத் தூவினார். வாழ்நாளில் திட்டாத திட்டெல்லாம் திட்டினார். பிறகு துடைப்பத்தை எடுத்து, தலை நிமிர்ந்தபடியே, மூலை முடுக்கு விடாமல் பெருக்கினார்.

சோபாவில் சாய்ந்திருந்தவள், அடியில் பெருக்க வசதியாகக் காலைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்:

“அடுத்த மெஷினைப் படுக்கை ரூம்ல வெச்சுத் திட்டுங்க. அங்க பெருக்கி ரொம்ப நாளாச்சு.”