கூர்விழிக் கோமான் குகை புகுந்த படலம்

வெல்க! மூக்குக்கண்ணாடிக் கடைக் காவலர், பவர் பார்ப்பதில் பிசகாதவர், தெருமுனையில் நிற்பவன் சட்டையில் ஒரு பொத்தான் குறைவதை வாசலிலிருந்தே உரைக்கும் கூர்விழிக் கோமான் வெல்க! சொல்லின் தெய்வமே, என் நாவில் சற்றே வந்தமர்வாய். சிரிப்பை நான் அடக்கிக்கொள்கிறேன், முடிந்தவரைக்கும்.

அம்மாவீரர் மனையில் ஒரு குறை இருந்தது. ஞாயிறு பிற்பகல்தோறும் அவர் மனைவி உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மடிக்கணினி முன் அமர்ந்து, எங்கெங்கோ இருக்கும் தோழியரோடு ஒரு கதையாட்டம் ஆடுவாள். பலகை கிடையாது, படம் கிடையாது, வெறும் எழுத்துதான். காட்சியை அவள் எழுதுவாள். ஆளுக்கொரு வேடம் பூண்டவர்கள் அந்த வேடம் என்ன செய்கிறது என்று எழுதுவார்கள். பலித்ததா இல்லையா என்பதைக் கணினி உருட்டும் பகடை சொல்லும். கதவுக்குப் பின்னாலிருந்து குபீரென்று சிரிப்புக் கிளம்பும். என்ன என்று கேட்டால், "உங்களுக்குச் சொன்னா புரியாதுங்க" என்பாள். சொந்த வீட்டிலேயே தனக்குப் புரியாத சிரிப்பா! அச்சொல் அவர் மார்பில் வேலெனத் தைத்தது. உள்ளதைச் சொன்னால், மனிதருக்கு அழுகையே வந்தது.

ஆகவே ஆட்டத்தில் ஓர் இடம் காலியானபோது அவர் கேட்டார். கெஞ்சினார் என்போர் பொறாமைக்காரர். ஆனால் அதே இடத்துக்கு அவளுடைய தம்பியும் துண்டு போட்டிருந்தான். அரசி ஆணையிட்டாள்: "முதல் காட்சி முடியறவரைக்கும் உயிரோட இருங்க, இடம் உங்களுக்கு. செத்தா தம்பிக்கு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

கூடத்து நாற்காலியே தேராக, கைப்பேசியே கேடயமாக, கட்டைவிரல் இரண்டுமே காலாட்படையாக, எதிரே சோபாவில் பிஸ்கட் கொறித்தபடி அவர் சாவுக்குக் காத்திருக்கும் மைத்துனனே பகைப்புலமாக, கோமான் களம் புகுந்தார். வேடத்தை வடிக்கும் பக்கம் விரிந்தது. வலிமை, வேகம், பார்வை, மூட்டையில் எடுத்துச்செல்லும் பொருள்கள் என்று எல்லாவற்றுக்கும் பங்கிட ஒரு கைப்பிடிப் புள்ளிகள் தந்திருந்தார்கள். வேறு யாராயிருந்தாலும் தோளுக்குக் கொஞ்சம், காலுக்குக் கொஞ்சம் என்று வைத்திருப்பார்கள். வாழ்நாளெல்லாம் பார்வையை விற்றுச் சோறு தின்ற நம் தலைவரோ, அத்தனை புள்ளியையும் அள்ளிப் பார்வையிலேயே கொட்டினார்.

"அத்தான், மூட்டையில ஒண்ணுமே எடுத்துக்கலையா?" என்றான் மைத்துனன், பாவம், நல்லெண்ணத்தோடுதான்.

"கழுகுக்கு எதுக்குடா மூட்டை?" என்று முழங்கினார் கோமான்.

காட்சி வந்தது. மனைவி எழுதினாள்: "மலையடிவாரம். ஒரு குகை. உள்ளே கும்மிருட்டு."

ஐயகோ! ஏழு மலைக்கு அப்பால் எறும்பின் மீசையை எண்ணவல்ல அந்த விழிகள், கும்மிருட்டில் என்னதான் செய்யும்? தோழி ஒருத்தி இரக்கப்பட்டு, "என்கிட்ட பந்தம் இருக்கு, என் பின்னாடியே வாங்கண்ணா" என்று எழுதத்தான் எழுதினாள். அதை அவர் வாசித்தால்தானே! தலை நிமிராமல், நெற்றி வியர்க்க, தம் முதல் முழக்கத்தை எழுத்தெழுத்தாய்ச் செதுக்கிக்கொண்டிருந்தார். பந்தமும் தோழியரும் குகைக்குள் வெகுதூரம் போன பிறகே அது போய்ச் சேர்ந்தது.

"என் கண்ணுக்குத் தப்பியது இவ்வுலகில் எதுவுமில்லை! யாவரும் விலகுக! நானே முன்செல்கிறேன்!"

பகடை உருண்டது. ஒன்று விழுந்தது. அதைவிடக் கீழான எண் அந்தப் பகடையிலேயே இல்லை. மனைவி எழுதினாள்: "வாசல்லயே ஒரு பெரிய குழி. பார்க்கலை. விழுந்தார். செத்தார்."

உள்ளறை அதிர்ந்தது. கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அவள் வந்து நின்றாள். "குழியைக் கூடவா பார்க்கலை! அத்தனை புள்ளியும் கண்ணுக்குத்தானே போட்டீங்க!" வெட்கத்தில் குறுகிய கோமானுக்கும் அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து சிரித்து நெடுநாளாயிற்று. ஆனாலும் ஆணை ஆணைதானே? மைத்துனன் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு அவள் பின்னால் போனான், கதவு சாத்திக்கொண்டது, உள்ளே மறுபடியும் சிரிப்பு எழுந்தது. இந்த முறை எதற்கென்று அவருக்கு நன்றாகவே புரிந்தது.

வாஷிங் மெஷின் ஓடி முடிந்து நின்றிருந்தது, துணியை எடுத்துக் காயப்போட்டார்.